பெட்டிச் சாவி யாரிடம்? முசாஃபர்பூர் சிறுமியர் இல்லம்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகள் இல்லங்களுக்கு மாவட்ட ஆய்வுக் குழுவின் உறுப்பினராகச் சில ஆண்டுகள் போய் வந்தவன் நான். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுடன் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இந்த ஒரு நிகழ்வைத்தான் எடுத்து வைப்பேன். ஓர் இல்லத்துச் சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, 2018இல் வெளியே தெரிந்த வழக்கு அது. நடந்தது பீகாரில் என்றாலும் அதன் சட்டக் கயிறு தமிழ்நாட்டிலிருந்து போகிறது. சிறுமிகளையோ தண்டனை பெற்றவர்களையோ இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்தச் சிறுமிகள் என்ன அனுபவித்தார்கள் என்ற விவரத்துக்குள்ளும் போகப்போவதில்லை. யார் பார்த்திருக்க வேண்டும், யார் பார்த்தார்கள், பார்த்த பிறகு என்ன நடந்தது என்பது மட்டுமே இந்த ஆய்வு.

பின்னணி

முசாஃபர்பூர் நகரில் பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் சிறுமிகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், ரயில் நிலையத்தில் தனியாகக் கிடைத்தவர்கள், பெற்றோர் யாரென்று தெரியாதவர்கள் எனப் பலவகைச் சிறுமிகள் இத்தகைய இல்லங்களுக்கு வந்துசேர்வார்கள். இல்லத்தை நடத்தியது ஒரு தொண்டு நிறுவனம். பணம் கொடுத்தது மாநில அரசின் சமூக நலத்துறை. நடத்தியவரின் வீடும், அவருடைய நாளிதழ் அச்சகமும் அதே வளாகத்தில் இருந்தன.

காகிதத்தில் பார்த்தால் இந்த இல்லத்தின் மீது எத்தனை கண்கள் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழு மாதத்துக்கு இரண்டு முறையாவது இல்லங்களைப் போய்ப் பார்க்க வேண்டும். 54ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். அதில் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் தனியே உண்டு. இவற்றுக்கு மேல் மாநில, தேசிய குழந்தைகள் உரிமை ஆணையங்கள். கண்ணுக்குப் பஞ்சமே இல்லை.

அதே சட்டத்தில் பலர் புரட்டிப் பார்க்காத 55ஆம் பிரிவும் இருக்கிறது. இல்லங்கள், குழந்தைகள் நலக் குழு, குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் எல்லாம் எப்படி நடக்கின்றன என்பதை அரசு தனியான ஆட்களையோ நிறுவனங்களையோ கொண்டு மதிப்பிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. ‘லாம்’ என்ற அந்த ஒரு விகுதியில்தான் எல்லாம் தொங்குகிறது. செய்யாத அரசை யாரும் கேட்க முடியாது.

தமிழ்நாட்டுத் தொடர்பு இங்கேதான் வருகிறது. மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களைப் பற்றி வெளியான ஒரு பத்திரிகைச் செய்தியை அடியொற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு பதிவானது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது என்று இருந்தது. பத்தாண்டு நடந்து, 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவுபெற வேண்டும், ஆய்வுக் குழுக்களை ஜூலைக்குள் அமைக்க வேண்டும் என்று கெடு வைத்தது. வெளியாட்கள் உள்ளே போய்ப் பிள்ளைகளிடமே கேட்டு மதிப்பிடும் சமூகத் தணிக்கையையும் வலியுறுத்தியது. முசாஃபர்பூர் வெடித்தபோது அதைச் சுமந்துகொண்டு போக ஒரு வழக்கு ஏற்கெனவே தண்டவாளத்தில் நின்றது அதனால்தான்.

தணிக்கைக்கு வந்தவர்கள்

2017இல் பீகார் சமூக நலத்துறை தன் பணத்தில் இயங்கும் இல்லங்களைத் தணிக்கை செய்யும்படி மும்பையிலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டது. வேலையைச் செய்தது அந்த நிறுவனத்தின் ‘கோஷிஷ்’ என்ற களப்பணிக் குழு. தெருவில் வாழ்பவர்கள், பிச்சையெடுத்ததற்காகப் பிடித்து அடைக்கப்பட்டவர்கள் ஆகியோருடன் பழகிய குழு அது. மாநிலம் முழுக்க 110 நிறுவனங்களுக்கு அவர்கள் போனார்கள்.

அரசே கேட்டு வாங்கிய தணிக்கை இது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த இல்லம் இன்னும் எத்தனை ஆண்டு ஓடியிருக்குமோ.

அந்தக் குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் எதுவும் கிடையாது. பூட்டை உடைக்க முடியாது, யாரையும் கைது செய்ய முடியாது, பதிவேட்டைப் பறிமுதல் செய்யக்கூட முடியாது. மாவட்ட அலுவலர்களுக்கு இருந்த அதிகாரத்தில் பாதிகூட அவர்களிடம் இல்லை. ஆனால் அந்த மாவட்டத்தில் அவர்களுக்கு இடமாற்றம் இல்லை, பதவி உயர்வு இல்லை, இல்லம் நடத்துபவரிடம் நாளைக்கு ஒரு கையெழுத்துக்காகப் போய் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

கண்டது

இதை எழுதும்போது என் பழைய ஆய்வுகள் நினைவுக்கு வந்து உறுத்துகின்றன. நாங்கள் போகும் நாளில் வாசலில் கோலம் புதிதாக இருக்கும். தரையில் பினாயில் வாடை மூக்கைத் துளைக்கும். மடிப்புக் கலையாத போர்வை, சுவரில் அன்றைய உணவுப் பட்டியல், வரிசையாக நின்று ஒரே குரலில் ‘வணக்கம்’ சொல்லும் பிள்ளைகள். கண்காணிப்பாளர் அறையில் டீயும் பிஸ்கட்டும் வரும். பதிவேடுகளை மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றேகால் மணி நேரம் அந்த மேசையிலேயே போய்விடும். மிச்சக் கால்மணியில் பிள்ளைகளைப் பார்த்து, ‘சாப்பாடெல்லாம் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்போம். கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்பார். ‘நன்றாக இருக்கிறது’ என்று பதில் வரும். அதை எழுதிக்கொண்டு வருவோம். என் கையெழுத்துள்ள அறிக்கைகளில் அப்படிப்பட்டவை இருக்கின்றன.

கோஷிஷ் குழு பிள்ளைகளிடமும் ஊழியர்களிடமும் தனித்தனியாகப் பேசியது. கேட்பதோடு பார்க்கவும் செய்தது. முசாஃபர்பூர் இல்லத்தில் சிறுமிகளுக்குத் திறந்தவெளியே இல்லை. தங்கள் அறைகளில் அடைத்துவைக்கப்பட்டார்கள், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே விட்டார்கள் என்று குழு பதிவு செய்தது. வன்முறை நடப்பதாகச் சிறுமிகளே சொன்னதையும் பதிவு செய்தது.

அறைக்கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எந்த நிபுணத்துவமும் வேண்டாம். மேசையைவிட்டு எழுந்து மாடிக்குப் போனால் போதும்.

இந்த இடத்தில் ஆலோசனைப் பெட்டி பற்றிச் சொல்லிவிடுகிறேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகளின்படி ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகள் புகாரோ யோசனையோ எழுதிப் போட ஒரு பெட்டி வைக்க வேண்டும். அது அலுவலக அறைக்குத் தள்ளி, பிள்ளைகள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாரந்தோறும் அதைத் திறந்து பார்ப்பது இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவரின் பொறுப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்தான் அந்தத் தலைவர். யோசித்துச் செய்த ஏற்பாடுதான். சாவி இல்லம் நடத்துபவர் கையில் இருக்கக் கூடாது என்ற நினைப்பு அதில் தெரிகிறது. முசாஃபர்பூர் வழக்கில் பின்னால் தண்டனை பெற்றவர்களில் அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் ஒருவர். ஒரு சிறுமி துணிந்து சீட்டு எழுதிப் போட்டிருந்தாலும், விதிப்படி அது போய்ச் சேர வேண்டிய கை அதுதான்.

எழுதும்போது எடுத்த முடிவு

அறிக்கை சுமார் நூறு பக்கம். எல்லா இல்லங்களையும் ஒரே கோலால் அடிக்கவில்லை. நன்றாக நடக்கும் இல்லங்களைத் தனியே எடுத்துக் காட்டியது. மோசமானவற்றைக் ‘கடுங்கவலைக்குரியவை’ என்ற தலைப்பில் இடத்தையும் நடத்தும் நிறுவனத்தையும் குறிப்பிட்டுப் பட்டியலிட்டது. முசாஃபர்பூர் பற்றி அதில் இருந்தது சில வரிகள்தான். இல்லம் நடக்கும் விதம் மிகவும் சந்தேகத்துக்குரியது, சிறுமிகள் வன்முறையைப் பற்றிச் சொல்கிறார்கள், உடனே சட்டப்படி விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

குற்றவாளி யார் என்று குழு தீர்ப்பு எழுதவில்லை. அது தணிக்கையாளரின் வேலையும் இல்லை. அதே நேரத்தில் ‘சில இல்லங்களில் குறைபாடுகள் உள்ளன, களையப்படலாம்’ என்று பூசி மெழுகவும் இல்லை. நம் அலுவலகத் தமிழில் ‘குறைபாடு’ என்ற சொல்லுக்குள் உடைந்த குழாயும் அடங்கும், பூட்டிய அறையும் அடங்கும். பெயரையும் ஊரையும் போட்டு, எது அவசரம் என்று பிரித்து எழுதியதால்தான், பின்னால் யாரும் ‘எங்களுக்குச் சொல்லப்படவில்லை’ என்று தப்பிக்க முடியாமல் போனது.

மே மாதம்

2018 ஏப்ரல் இறுதியில் அறிக்கை துறையிடம் இருந்தது. மே மாத இறுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் அங்கிருந்து வேறு ஊர்களிலுள்ள இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். மே 31 அன்று முதல் தகவல் அறிக்கை பதிவானது.

இடையில் ஒரு மாதத்துக்கு மேல். மேசையிலிருந்து மேசைக்குக் கோப்பு நகரும் கணக்கில் அது அதிவேகம் என்று துறைக்காரர்கள் சொல்லலாம். ‘உடனே’ என்று எழுதிக் கொடுத்த பிறகும் அந்தச் சிறுமிகள் அதே அறைகளில் ஒரு மாதம் தூங்கினார்கள் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கணக்கைத்தான் எடுத்துக்கொள்வேன்.

வழக்குப் பதிவான அதே நாளில், அதே தொண்டு நிறுவனத்துக்குப் பாட்னாவில் இன்னோர் இல்லத்தை நடத்தும் பொறுப்பும் ஒதுக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. சில நாட்களில் அது ரத்தானது. துறையின் ஒரு கைக்கு மறு கை செய்வது தெரியவில்லை.

ஜூன் தொடக்கத்தில் இல்லத்தை நடத்தியவரும் ஊழியர்களும் கைதானார்கள். மருத்துவப் பரிசோதனையில் 34 சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது உறுதியானது.

நீதிமன்றம் பிடித்த பிடி

ஜூலை இறுதியில் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. ஆகஸ்ட் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுத்தது. சிறுமிகளின் படங்களை முகத்தை மறைத்துக்கூட வெளியிடக் கூடாது என்று ஊடகங்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஆகஸ்டிலேயே மாநிலச் சமூக நலத்துறை அமைச்சர் பதவி விலகினார்.

பாட்னா உயர் நீதிமன்றம் விசாரணை பற்றிச் செய்தி வெளியிடவே தடை போட்டது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. முகம் தெரியக் கூடாது, விஷயம் தெரிய வேண்டும் என்ற இந்தக் கோட்டை நம் ஊர் அலுவலர்கள் பலர் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள். ‘குழந்தைகளின் அந்தரங்கம்’ என்று சொல்லி ஆய்வறிக்கையையே பூட்டி வைப்பது குழந்தையைக் காப்பதாகாது.

நவம்பரில், தணிக்கை அறிக்கையில் கவலைக்குரியவையாகச் சொல்லப்பட்ட மற்ற இல்லங்களில் மாநிலப் போலீஸ் போட்ட வழக்குகள் லேசான பிரிவுகளில் இருப்பதைக் கண்டு நீதிபதிகள் கடுமையாகப் பேசினார்கள். நவம்பர் 28 அன்று மீதமுள்ள 16 இல்லங்களின் வழக்குகளும் சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டன. 2019 பிப்ரவரியில் முசாஃபர்பூர் வழக்கு டெல்லி சாகேத் நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையை மேற்பார்வையிட்ட அதிகாரியை நீதிமன்ற உத்தரவை மீறி மாற்றியதற்காக, சி.பி.ஐ.யின் இடைக்கால இயக்குநராக இருந்தவர் அதே மாதம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியாகி, அன்று நீதிமன்றம் கலையும் வரை ஒரு மூலையில் உட்கார வைக்கப்பட்டார். ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வேறு. கண்காணிப்பவர்களையும் ஒருவர் விடாமல் கண்காணிக்க வேண்டியிருந்தது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

தீர்ப்பு

2020 ஜனவரி 20 அன்று சாகேத் நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவர் விடுதலையானார். பிப்ரவரி 11 அன்று இல்லத்தை நடத்தியவருக்கு வாழ்நாள் முழுவதும் சிறை என்று தண்டனை வந்தது.

அந்தப் பத்தொன்பது பேர் யார் யார் என்பதைத்தான் நான் புதியவர்களிடம் நிறுத்திப் படிக்கச் சொல்வேன். குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவர். அதே குழுவின் உறுப்பினர் ஒருவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். தகவல் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத குற்றத்துக்காக, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவின் பெண் உதவி இயக்குநர். இல்லத்தின் பெண் ஊழியர்கள் பலர். பெண்கள் இல்லத்தில் பெண் ஊழியர்கள் இருந்தால் பாதுகாப்பு என்று நாம் பதிவேட்டில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு நகர்கிறோமே, அந்தக் கட்டம் இந்த இல்லத்தில் நிரம்பித்தான் இருந்தது.

17 இல்லங்களின் விசாரணை முடிவில் சி.பி.ஐ. 2020 ஜனவரியில் கொடுத்த நிலை அறிக்கையில், 71 அரசு அலுவலர்கள் மீது துறை நடவடிக்கைக்குப் பரிந்துரை இருந்தது. அவர்களில் 25 பேர் மாவட்ட ஆட்சியர்கள். அவர்கள் குற்றம் செய்ததாக யாரும் சொல்லவில்லை. பார்த்திருக்க வேண்டியவர்கள், பார்க்கவில்லை.

சிறுமிகள்

வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் தீர்ப்போடு நிறுத்திவிடுகிறார்கள். மாற்றப்பட்ட சிறுமிகளுக்கு அலைச்சல் அதோடு முடியவில்லை. 2019 பிப்ரவரியில் பாட்னா மாவட்டத்தின் மொகாமா இல்லத்திலிருந்து ஏழு சிறுமிகள் காணாமல் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் முசாஃபர்பூரிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோரை விரைவிலேயே கண்டுபிடித்தார்கள். ஓர் இல்லத்திலிருந்து காப்பாற்றிய பிள்ளையை இன்னோர் இல்லத்தில் கொண்டுவிடுவது நமக்கு ‘மீட்பு’. அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு பூட்டு.

ஒவ்வொரு சிறுமிக்கும் மறுவாழ்வுத் திட்டம் தயாரிக்கும் வேலையை உச்ச நீதிமன்றம் அதே கோஷிஷ் குழுவிடம் கொடுத்தது. 2019 செப்டம்பரில் எட்டுச் சிறுமிகளைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க அனுமதி கிடைத்தது. தணிக்கை செய்தவர்களே தொடர்ந்து கூட இருந்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். முதலில் யாரிடம் வாய் திறந்தார்களோ அவர்கள் முகத்தையே அந்தப் பிள்ளைகள் மறுபடியும் பார்த்தார்கள்.

மாற வேண்டியவை

தொண்டு நிறுவனங்களை விலக்கிவிட்டு இல்லங்களை அரசே நடத்தும் என்று பீகார் அரசு அறிவித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. தண்டனை பெற்றவர்களில் அரசுப் பொறுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மேலே பார்த்தோம். 2022இல் பாட்னாவில் அரசு நடத்திய பெண்கள் காப்பகம் ஒன்றின் மீதே புகார் எழுந்து, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. யார் நடத்துகிறார்கள் என்பதைவிட, நடத்துபவருக்குக் கடமைப்படாத ஒருவர் உள்ளே போகிறாரா என்பதுதான் என் கேள்வி.

55ஆம் பிரிவின் ‘லாம்’ கட்டாயமாக வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்றும் எழுத வேண்டும். மத்திய அமைச்சகம் எடுத்த கணக்கில் நாட்டில் 9,589 இல்லங்கள் இருப்பதாகத் தெரிந்தது. இத்தனை இல்லங்களையும் டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஒரு குழு போய்ப் பார்த்துவிட முடியாது. பக்கத்து மாவட்டக் குழு இந்த மாவட்டத்தைப் பார்க்கட்டும், அதற்குச் செலவு அதிகம் ஆகாது.

தணிக்கை ஒப்பந்தத்திலேயே இரண்டு வழி இருக்க வேண்டும். பொதுவான அறிக்கை துறைக்குப் போகட்டும். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் அன்றைக்கே போலீசுக்கும், அந்த மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரிக்கும் தகவல் போக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு சந்தேகம் எழுந்தாலே புகார் தரும் கடமையை எல்லோருக்கும் வைத்திருக்கிறது. அதைத் தணிக்கையின் நடைமுறையாக எழுதி வைத்தால், ஏப்ரலுக்கும் மே 31க்கும் நடுவே கிடந்த அந்த நாட்கள் குறையும். அறிக்கையும் பெயர்களை மறைத்துப் பொதுவில் வர வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை, நான் பதிவேட்டு மேசையில் உட்காருவதை நிறுத்தினேன். முதலில் மாடி, பிறகு கழிப்பறை, பிறகு பிள்ளைகள், டீ கடைசியில். கண்காணிப்பாளரிடம் கேட்கும் முதல் கேள்வியும் மாறியது: ‘ஆலோசனைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?’

ஓர் இல்லத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க அரைமணி நேரம் ஆனது. பெட்டி அலுவலக அறைக்கு உள்ளேயே, பீரோவின் மேல் இருந்தது. சாவி கடைசிவரை கிடைக்காமல், சமையல்காரர் ஒருவர் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். உள்ளே ஒட்டடையும் நான்காக மடித்த ஒரு நோட்டுத் தாளும் இருந்தன. ராத்திரி கழிப்பறைக்குப் போகப் பயமாக இருக்கிறது, அங்கே ஒரு லைட் போட்டுத் தாருங்கள் என்று பென்சிலில் எழுதியிருந்தது. கீழே பெயரும் வகுப்பும். நான் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அந்தப் பிள்ளை இல்லத்தைவிட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். ஹோல்டர் இருந்தது, பல்ப் இல்லை.